சாதியைப் பற்றி வாய் திறக்காத டேட்டிங் செயலிகள்

டேட்டிங் செயலியில் அரசியல் நிலைப்பாட்டைக் குறிக்கும் இடத்துக்குப் போனால் லிபரல், மாடரேட், கன்சர்வேட்டிவ், அரசியலில் ஆர்வமில்லை என்று நான்கைந்து தெரிவுகள் வந்து நிற்கின்றன. அமெரிக்காவின் இரு பெரும் கட்சிகளை மனத்தில் வைத்துச் செய்த இந்தக் கட்டங்களைச் சென்னையில் துணை தேடும் ஒரு பெண்ணிடம் அப்படியே நீட்டுவது அக்கறையின்மை அல்லாமல் வேறென்ன? இட ஒதுக்கீட்டை ஆதரித்து, இந்தித் திணிப்பை எதிர்த்து, அதே சமயம் மனைவி வேலைக்குப் போவதை விரும்பாத ஒருவர் இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பார்? சாதி மறுப்புத் திருமணத்துக்கு நீங்கள் தயாரா, வரதட்சணை வாங்குவீர்களா, வீட்டுச் சமையல் யார் பொறுப்பு என்பவைதான் இந்த மண்ணில் இருவர் சேர்ந்து வாழ்வதற்கான அரசியல். அவற்றுக்கு அங்கே இடமே இல்லை.

அந்தக் கட்டத்தை நம்பியதன் பலனை நான் அனுபவித்தேன். லிபரல் என்று குறித்து, கறுப்புச் சட்டையில் படம் வைத்து, பெரியாரின் வரிகளையும் போட்டிருந்த ஒருவர் சமூகநீதி பற்றி மணிக்கணக்கில் பேசினார். பிறகு மெதுவாக, "சொந்த ஊர் எதுங்க?" என்றார். சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். தெருப் பெயரைச் சொன்ன பிறகும் விடாமல், "உங்க குலதெய்வம் எது?" என்று வந்து நின்றார். இந்த மூன்று கேள்விகளும் எதைத் துழாவுகின்றன என்பது இங்கே வளர்ந்த எவருக்கும் தெரியும். சாதியைத்தான் கேட்கிறீர்களா என்று நேராகக் கேட்டதும், "எனக்கு ஒண்ணும் இல்லைங்க, அம்மா கேப்பாங்க, அதான்" என்றார். வெளியே சாதி ஒழிப்பு பேசிவிட்டு, வீடு என்று வரும்போது பெற்ற தாயின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் இந்தக் கோழைத்தனத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இதை வெறும் மனக்கசப்பாக ஒதுக்கிவிட முடியாது. 1967இல் அண்ணா ஆட்சியில் நிறைவேறிய சட்டத் திருத்தம் புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கொடுத்த மாநிலம் இது. இதே மாநிலத்தில்தான் 2016இல் உடுமலைப்பேட்டையில், சாதி மறுப்புத் திருமணம் செய்த தலித் இளைஞர் சங்கர் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். 2025இல் பாளையங்கோட்டையில், வேறு சாதிப் பெண்ணைக் காதலித்த தலித் மென்பொருள் பொறியாளர் கவின் கொல்லப்பட்டார். எதிரில் இருப்பவர் சாதியைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறார், குடும்பம் எதிர்த்தால் உறுதியாக நிற்பாரா என்பதை முன்கூட்டியே அறிவது, குறிப்பாகத் தலித் இளைஞர்களுக்கு, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

செய்ய முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2004இல் தொடங்கிய ஓகேகியூபிட் என்ற டேட்டிங் தளம், நம் பதில் என்ன, எதிரில் இருப்பவரிடம் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறோம், அது நமக்கு எவ்வளவு முக்கியம் என்று கேட்டுப் பொருத்தத்தைக் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 2021 ஜனவரியில் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டபோது, அதில் கலந்துகொண்டவர்களைப் பயனர்கள் அரசியல் வடிகட்டியை வைத்துத் தேடத் தொடங்கியதும், பம்பிள் என்ற டேட்டிங் செயலி நிறுவனம் அந்த வசதியைச் சில நாட்களிலேயே அமெரிக்காவில் தற்காலிகமாக நிறுத்தியது. பழமைவாதிகளுக்கென்றே 2022இல் 'தி ரைட் ஸ்டஃப்' என்ற செயலி அமெரிக்கத் தொழில்நுட்ப முதலீட்டாளர் பீட்டர் தீலின் பண உதவியோடு வந்தது. அவர்கள் ஊர் அரசியல் என்றால் பணமும் கிடைக்கிறது, வேகமும் வருகிறது.

இன்னொரு பக்கம் நம் திருமணத் தளங்களைப் பாருங்கள். சாதி, உட்சாதி, கோத்திரம், நட்சத்திரம், செவ்வாய் தோஷம் வரை சலித்தெடுக்க அவற்றில் வசதி இருக்கிறது. சாதியைக் காப்பாற்ற இத்தனை நுணுக்கமாகக் கட்டங்கள் போடத் தெரிந்த ஒரு நாட்டில், சாதி வேண்டாம் என்பவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வியைச் சேர்க்க நான் பயன்படுத்தும் செயலிக்கு மனம் வரவில்லை. போதாக்குறைக்கு, அதில், எதற்கும் உதவாத அந்த நான்கைந்து கட்டங்களை வைத்து வடிகட்டுவதற்கே மாதச் சந்தா கட்ட வேண்டும். என் கேள்வியைச் சேர்க்கும் வரை நான் அதைக் கட்டப் போவதில்லை.