ஆடும்போது மட்டும்தான் கூட்டா?

நேற்று இரவு பதினொன்றே முக்கால் மணிக்கு என் வீட்டு மேசையில் இருநூறு சீட்டுகளுக்குக் குறையாமல் சிதறிக் கிடந்தன. அவற்றைப் பொறுக்கி அடுக்க நான் ஒருத்திதான் இருந்தேன். ஆட வந்த மூன்று பேரும் "அருமையான ஆட்டம், அடுத்த சனிக்கிழமையும் போடலாம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இது முதல் முறை அல்ல. ஒவ்வொரு முறையும் இதேதான். இனி வாயை மூடிக்கொண்டு இருப்பதாக இல்லை.

ஆட்டம் எது என்று சொல்லிவிடுகிறேன். 'லெஜண்டரி என்கவுன்டர்ஸ்: ஏலியன்'. ரிட்லி ஸ்காட் 1979இல் எடுத்த ஏலியன் படத்தையும், அதன் பின் வந்த மூன்று படங்களையும் வைத்து 2014இல் வெளியான சீட்டாட்டம். எல்லோரும் ஒரே அணி, எதிரி சீட்டுக்கட்டுதான். ஆளுக்கொரு சோப்ளாங்கிக் கட்டோடு தொடங்குவோம். கையில் ஆறு சீட்டு. மேசையில் திறந்து கிடக்கும் ஐந்தில் நல்லதை வாங்கி வாங்கிக் கட்டைப் பலப்படுத்த வேண்டும். அதற்குள் எதிரிச் சீட்டுகள் கவிழ்ந்த நிலையில் ஐந்து அறைகள் வழியாக நம்மை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். எந்த அறையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அந்தப் பயத்துக்காகவே இந்தப் பெட்டியை வாங்கினேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. சில சீட்டுகளை இன்னொருவர் ஆடும் முறையிலும் அவருக்கு உதவியாக நாம் இறக்கலாம். நேற்று அப்படித்தான் நடந்தது. ஒருவர் முகத்தில் ஃபேஸ்ஹக்கர், அதாவது படத்தில் ஆளின் முகத்தைக் கவ்விக்கொள்ளும் வேற்றுலக உயிரியின் சீட்டு, ஒட்டிக்கொண்டது. அவருடைய அடுத்த முறை முடிவதற்குள் அதைக் கொல்லாவிட்டால் செஸ்ட்பர்ஸ்டர் சீட்டு (நெஞ்சைப் பிளந்து வெளியே வரும் ஏலியன் குட்டி) அவர் கட்டுக்குள் போய்விடும். என்றைக்கு அது கையில் வருகிறதோ அன்றைக்கு ஆள் காலி. அவர் கையில் பலம் போதவில்லை. "உன்னிடம் ஏதாவது இருக்கிறதா?" என்று என் முகத்தைப் பார்த்தார். எனக்கென்று பொத்தி வைத்திருந்த நல்ல சீட்டை எடுத்துப் போட்டேன். பிழைத்தார். மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தார். அதே மனிதர் கிளம்பும்போது தன் முன்னால் கிடந்த கட்டைக்கூட ஒன்றாகத் தட்டி வைக்கவில்லை.

கேட்டால், "உன் ஆட்டம், நீதானே அடுக்க வேண்டும்" என்கிறார்கள். அப்படியா? முகத்தில் ஃபேஸ்ஹக்கர் இருந்தபோது அது யாருடைய ஆட்டமாக இருந்தது?

அடுக்குவது என்றால் சாதாரணச் சீட்டுக்கட்டை அள்ளி உறையில் போடுவது என்று நினைக்கிறார்கள். இல்லை. ஒரு படத்துக்கு நான்கு பாத்திரங்கள், பாத்திரத்துக்கு 14 சீட்டு, ஆக 56. அவை நான்கு பேர் கட்டுகளிலும் கலந்து கிடக்கும். எதிரிக் கட்டில், ஆட்டத்தின் மூன்று கட்டங்களுக்கு மூன்று சிறு கட்டுகள். எதிரியிடம் அடிபடும்போது நாம் எடுக்கும் சீட்டுகள் தனி, தொடக்கச் சீட்டுகள் தனி. ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, படித்து, அதனதன் இடத்தில் சேர்க்க வேண்டும். எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. நான்கு பேர் உட்கார்ந்தால் கால் மணி நேர வேலை.

ஒரு சீட்டு இடம் மாறினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: இரண்டு மாதம் முன்பு ஒருவர் "உதவுகிறேன்" என்று எல்லாவற்றையும் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டுவிட்டுப் போனார். நானும் அன்று அலுப்பில் பிரித்துப் பார்க்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் மூன்றாம் கட்டத்தில் வர வேண்டிய மிருகம் முதல் கட்டத்திலேயே வந்து நின்றது. அரை மணி நேரத்தில் எல்லோரும் செத்தோம். மாலை முழுக்க வீண். ரப்பர் பேண்டு அழுத்திய மேல் சீட்டின் ஓரத்தில் அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது.

மிக்சர் தின்ற கையோடு சீட்டைத் தொடாதீர்கள் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! ஒரு செஸ்ட்பர்ஸ்டர் சீட்டின் பின்புறத்தில் இப்போது எண்ணெய்க் கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கிறது. அது கட்டின் மேலே வந்ததுமே எல்லோருக்கும் தெரிந்துவிடும். எப்போது வரும் என்று தெரியாமல் நடுங்குவதுதான் அந்தச் சீட்டின் உயிர். அதைக் கொன்றுவிட்டீர்கள். துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

இன்று காலையிலேயே மூவருக்கும் சொல்லிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை, பெட்டியை மூடும்வரை இருக்க முடிந்தவர்கள் மட்டும் வாருங்கள். பத்தரைக்குப் போக வேண்டும் என்றால் பத்தேகாலுக்கு ஆட்டத்தை நிறுத்துவோம், தோற்றாலும் சரி.

இன்னொன்று. படத்தின் நாயகி ரிப்ளியின் கட்டில் இப்போது 13 சீட்டுகள்தான் இருக்கின்றன. மேசைக்கு அடியில், சோபா இடுக்கில், குப்பைக் கூடையில்கூடத் தேடிவிட்டேன். யாருடைய பையிலாவது, புத்தகத்துக்குள்ளாவது போயிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.