அப்பா மறுபடி பந்தியில் உட்கார்ந்தார்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. கால் ஓரளவு திரும்பிவிட்டது. கம்பை ஊன்றித் தெருமுனை வரை போகிறார். மாத்திரை, பயிற்சி பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். என் ஆதங்கம் வேறு. நடக்கத் தொடங்கிய மனுஷனை ஊர் மறுபடி சேர்த்துக்கொள்ளாவிட்டால், அவர் நடந்து எங்கே போவார்?

முதல் மாதம் ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வீடு கொள்ளாத கூட்டம். மூன்றாம் மாதம் யாரும் இல்லை. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, என்ன பேசுவது என்ற தயக்கம்தான். வந்த ஒன்றிரண்டு பேரும் அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என்னிடம், "ஆளைத் தெரியுதா?" என்று கேட்டார்கள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

எல்லாம் தெரியும் அவருக்கு. 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளிக்கு 'டான்' என்ற ஓர் அசையைத் தவிர வேறு பேச்சு கிட்டத்தட்ட இல்லை. ஆனால் பிறர் சொல்வது பெரும்பாலும் புரிந்தது. இன்னும் நாம் பேச்சு போனால் புத்தியும் போச்சு என்றே நினைக்கிறோம்.

அப்பா கண்டக்டராக இருந்தவர். தண்ணீர் கேட்க வார்த்தை வராது. "தஞ்சாவூர்" என்று நான் எடுத்துக்கொடுத்தால் போதும், "அய்யம்பேட்டை, பாபநாசம், தாராசுரம், கும்பகோணம்" என்று மடமடவென வந்துவிடும். வாய்க்குப் பழகிய வரிசை பலருக்கு இப்படித் தங்குமாம். "ஆமாம்" என நினைத்தால் "இல்லை" என்று வரும். அவருக்கே கோபம் வரும்.

அவரோடு பல வருஷம் வண்டி ஓட்டிய டிரைவர் மாமா ஒருநாள் வந்தார். என்னிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. அப்பாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, "யோவ், ஒரு விசில்னா நிப்பாட்டு, ரெண்டு விசில்னா ரைட். டீ குடிக்கப் போலாமா?" என்றார். அப்பா இடது கையால் கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் பாஷை.

கல்யாணங்களுக்கு மட்டும் வர மறுத்தார். இடது கையால் சாப்பிட வேண்டும், இடது கையால் மொய் கொடுக்க வேண்டும், கும்பிடக்கூட இரண்டு கை சேராது. அந்தக் கூச்சம் யாரிடமும் சொல்ல முடியாதது. அழைக்க வந்தவர்களும், "அண்ணனை அலைய வைக்காதம்மா, நீ மட்டும் வா" என்றார்கள். அன்பாகச் சொன்னதுதான். ஆனால் அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை.

அத்தை மகள் கல்யாணத்துக்கு மாமாதான் பிடிவாதமாக அழைத்துப் போனார். சுவரோர இலை. பரிமாற வந்த பையன் அப்பாவின் கையைப் பார்த்தான், ஒரு ஸ்பூனை எடுத்து வந்து இடது பக்கம் வைத்தான். அப்புறம் அப்பாவிடமே, "சாம்பாரா, வத்தக்குழம்பா தாத்தா?" என்று கேட்டுவிட்டு, அவசரமில்லாமல் நின்றான். அப்பா விரலால் வத்தக்குழம்பைக் காட்டினார். நான் கை கழுவும் இடத்துக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். போய்ப் பாருங்கள். டிவியை அணைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள், வார்த்தையைப் பிடுங்காதீர்கள். சீக்கிரம் களைத்துவிடுவார், அரைமணி நேரம் போதும்.

போன வாரம் ஒரு பத்திரிகை வந்தது. கவரில் அப்பா பெயர். கொண்டுவந்தவர் என்னிடம் நீட்டாமல் அவரிடமே கொடுத்தார். அப்பா இடது கையால் வாங்கி, தேதியைப் பார்த்து, மேஜையில் இரண்டு தட்டு தட்டினார்.