காளையே நாயகன்
டச்சு நிலக்காட்சி ஓவியங்களில் கால்நடைகள் வெறும் அலங்காரமே என்று அவ்வோவியங்களைப் பற்றிய ஒரு கட்டுரையின் ஆசிரியர் கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. டச்சு ஓவியர் பவுலஸ் பாட்டர் 1647-இல் தீட்டிய, இன்று நெதர்லாந்தின் ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹெய்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள ‘இளங்காளை’ ஓவியம் ஏறத்தாழ 3.4 மீட்டர் அகலமுடையது. மன்னர்களுக்கும் புராணக் காட்சிகளுக்கும் உரியதாகக் கருதப்பட்ட அந்தப் பேரளவை ஒரு மாட்டுக்கு அளித்ததே பெருந்துணிச்சல். காளையின் முதுகைச் சுற்றும் ஈக்களையும், படுத்திருக்கும் பசுவின் ஈரமூக்கையும், தரையில் அமர்ந்த சிறு தவளையையும் அவர் ஒரே அக்கறையுடன் தீட்டியிருக்க, உழவரோ மரத்தருகே ஒதுங்கி நிற்கிறார். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் ஹாலந்துக்குச் செல்வம் சேர்த்த காலம் அது. பாட்டர் 28 வயதிலேயே மறைந்துவிட்டார் என்பதை எண்ணும்போதெல்லாம் மனம் கனக்கிறது. 1795-இல் பிரெஞ்சுப் படையினர் பாரிசுக்குக் கொண்டுசென்ற இவ்வோவியம் 1815-இல்தான் ஹேக் திரும்பியது.