பள்ளிக்கரணை 2022-இல் பிறந்த சதுப்பு நிலம் அல்ல

"பள்ளிக்கரணை வெறும் தரிசு; 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்த்த பிறகுதான் சதுப்பு நிலமானது" என்று தென்சென்னையிலுள்ள இந்தச் சதுப்பு நிலத்தைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. ராம்சார் என்பது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்; அந்த ஆண்டில் கிடைத்தது பன்னாட்டு அங்கீகாரம்தான், சுமார் 1,248 ஹெக்டேருக்கு. 2007-லேயே அதன் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டுவிட்டது. அதற்கும் வெகுகாலம் முன்பே ஊரார் அதைக் கழுவெளி, அதாவது வெள்ளநீர் தங்கி வடியும் தாழ்நிலம், என்றுதான் அழைத்தார்கள்.

'தரிசு' என்ற சொல் வருவாய்ப் பதிவேட்டிலிருந்து வந்தது. பயிர் செய்யாத நிலம் பெரும்பாலும் அந்தக் கணக்கில் தரிசுதான்! அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் சதுப்பின் பெருங்குடிப் பகுதியில் குப்பையைக் கொட்டினார்கள், சாலை போட்டார்கள், கட்டடம் எழுப்பினார்கள்.

தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் இங்கேதான் வந்து சேர்கிறது. ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கும், பிறகு கோவளம் கழிமுகத்துக்கும் போகிறது. மழை முடிந்ததும் சதுப்பின் குறுக்கே போகும் ரேடியல் சாலையோரம் நின்று பாருங்கள்: முழங்கால் அளவு நீரில் பூநாரைகள் அலகைக் கவிழ்த்துச் சேற்றை அலசிக்கொண்டிருக்கும். "ஏரிபோல ஆழமாகத் தோண்டிவிடலாம்" என்று சிலர் சொல்லும் யோசனைக்கும் இதுவே பதில். நீர் ஆழமானால் அவை எங்கே நிற்கும்?