'டிஸ்அக்ரீ' என்று எழுதினால் மார்க் குறையாது

மார்த்தாண்டம், தக்கலை பக்கம் நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் படிக்கிற பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றிக்கொண்டிருக்கிறது: உடன்படவில்லை என்று சொல்லும் 'டிஸ்அக்ரீ' முரட்டுச் சொல்லாம், ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் கட்டுரையில் எழுதினால் மார்க் குறையுமாம், அதற்குப் பதில் 'ரெஃப்யூட்' அல்லது 'டினை' போட வேண்டுமாம். சுத்தத் தவறு.

அந்தத் தேர்வின் எழுத்துப் பகுதியில் இரண்டாவதாக எழுதும் கட்டுரைக்கு அடிக்கடி வருகிற கேள்வியே 'டு வாட் எக்ஸ்டென்ட் டூ யூ அக்ரீ ஆர் டிஸ்அக்ரீ?' என்பதுதான். தேர்வு நடத்துகிறவர்களே கேள்வியில் போட்ட சொல்லுக்கு எப்படி மார்க்கைக் குறைப்பார்கள்?

உண்மையில் மாட்டிவிடுவது அந்த மாற்றுச் சொற்கள்தான். 'டினை' என்றால் நடந்ததாகச் சொல்லும் ஒன்றை இல்லையென்று மறுப்பது, திருட்டுப் பட்டம் கட்டினால் நான் எடுக்கவில்லை என்கிறோமே, அது. 'ரெஃப்யூட்' என்றால் ஆதாரம் காட்டித் தவறென்று நிரூபிப்பது; வெறும் மறுப்புக்கும் சில பத்திரிகைகள் இதைப் போடுகின்றன, தேர்வில் நீங்கள் போட வேண்டாம். கருத்து வேறுபாட்டுக்கு 'டிஸ்அக்ரீ' போதும்.

முரடாகக் கேட்பது 'யூ ஆர் ராங்' என்று ஆளைப் பார்த்துச் சொல்வது. அப்புறம் 'வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்' வெறும் மரியாதை என்று நினைக்காதீர்கள், நீங்கள் சொல்வது சரியில்லை என்ற கண்டிப்பு அதில் பல நேரம் இருக்கும். வார்டில் மூத்தவர்களிடம் 'ஐ ஆம் நாட் ஷ்யூர் அபவுட் தட்' என்று தொடங்கினால் பேச்சு சுமுகமாகப் போகும்.

நிஜமாகவே மார்க்கைத் தின்கிற பிழை 'ஐ ஆம் நாட் அக்ரீ'. 'ஐ டோன்ட் அக்ரீ' என்று எழுதுங்கள்.