ஆடி வெள்ளி விரதமும் சுகர் மாத்திரையும்

ஆடி பிறந்துவிட்டால் சேலத்தில் நிறைய வீடுகளில் வெள்ளிக்கிழமை விரதம். கோட்டை மாரியம்மன் பண்டிகை முடிகிறவரை, அம்மாபேட்டையில் நான் வேலை செய்யும் மெடிக்கலுக்கு சுகர் மாத்திரை வாங்க வருகிற பெண்களிடம் ஒன்றைக் கேட்காமல் விடமாட்டேன். "விரதத்தன்னிக்கு மாத்திரையை என்னங்க்கா பண்ணுவீங்க?"

"சாப்பாட்டைத்தான் விடறேன் தம்பி, மாத்திரையை விடுவனா?"

இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்குப் பயம் வந்துவிடும்.

இங்கே பலரும் போடுவது கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த ஒரே மாத்திரை. மெட்ஃபார்மின், கல்லீரல் ரத்தத்துக்குள் சர்க்கரையை அனுப்புவதைக் குறைக்கும். அது மட்டும் போட்டால் லோ சுகர் ஆவது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படியில்லை. கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. வெறும் வயிற்றோடு கோயில் வரிசையில் நிற்கிறவருக்கு வியர்க்கும், கை நடுங்கும், படபடவென்று வரும், பேச்சு குழறும். பி.பி.க்கு அட்டெனலால், மெட்டோபிரோலால் போடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம், வியர்வைதான் காட்டிக்கொடுக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் விரதக் களைப்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால், மீட்டர் இல்லாவிட்டாலும் சந்தேகம் வந்தால், மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு, அப்புறம் சாப்பாடு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நேராக ஆஸ்பத்திரி. தெளிந்துவிட்டார் என்று வீட்டில் படுக்கவைத்து விடுவதுதான் பெரிய ஆபத்து. மாத்திரையின் வேகம் அடங்கியிருக்காது, சில மணி நேரத்தில் சுகர் திரும்ப இறங்கலாம்.

டாபாகிளிஃப்ளோசின் வேறு வகை. சிறுநீரகம் வழியாகச் சர்க்கரையை வெளியே தள்ளும். 2020-இல் காப்புரிமை முடிந்து விலை இறங்கியதும் நிறையப் பேர் கைக்கு வந்துவிட்டது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்துதான். ஆனால் சிறுநீரில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வந்து அரிக்கும். பெண்கள் இதை டாக்டரிடம்கூடச் சொல்லாமல் மாதக்கணக்கில் அவதிப்படுகிறார்கள். கேட்கவே வேதனையாக இருக்கிறது. இது மருந்தின் பக்கவிளைவு, க்ரீமோ மாத்திரையோ கொடுத்தால் சரியாகிவிடும், இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. இந்த மாத்திரையோடு பட்டினியும் கிடந்து வாந்தி வந்தால், மீட்டரில் சுகர் அதிகமாகத் தெரியாவிட்டாலும் கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலம்) ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கலாம். காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுத்துடும்" என்று நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சுகரும் பி.பி.யும்தான். கிட்னி ஏற்கெனவே பழுதானவர்களுக்கு மருந்து உடம்பில் தங்கும் என்பதால் அளவைக் குறைப்பார்கள், ரொம்பவே பழுதானால் நிறுத்துவார்கள். பல வருடம் மெட்ஃபார்மின் போடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதற்கான பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கால் மரத்துப்போவது எல்லாமே சுகரால் வருவதில்லை, பி12 குறைந்தாலும் வரும்.

பத்து மாத்திரை அட்டையில் நான்கை வெட்டிக் கொடுக்கும்போது பெயர் கடையிலேயே தங்கிவிடுகிறது. வாங்கிப் போகிறவருக்கு அது வெறும் வெள்ளை மாத்திரை. எங்கள் கடையில் கவர் மேல் பெயரையும், கிளிமிபிரைடு இருந்தால் "சாப்பிடாமல் போடாதீர்கள்" என்றும் தமிழில் எழுதித் தருகிறோம். மற்ற கடைக்காரர்களும் எழுதுங்கள். டாக்டர்களே, ஆனி மாதமே விரதத்தைப் பற்றிக் கேட்டு, அன்றைக்கு எந்த மாத்திரையை விடலாம், எதைக் குறைக்கலாம் என்று சீட்டில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.