வெயிலில் நிற்பவருக்குத்தான் சன்ஸ்கிரீன்

நேற்று முழுக்க ஆளாளுக்குப் பகிர்ந்த அந்த வீடியோவைப் பற்றித்தான் எழுதுகிறேன். பார்க்காதவர்கள் தேடிப் பார்க்க வேண்டாம். பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த அக்கா செய்தது இவ்வளவுதான்: மதுரை விளக்குத்தூண் பக்கம் தெருவைக் கூட்டி முடித்து, வண்டியை ஓரமாக நிறுத்தி, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்து முகத்தில் தடவிக்கொண்டார். அவருக்குத் தெரியாமல் அதைப் படம் பிடித்து, பின்னால் ஒரு காமெடி வசனத்தை ஒட்டி, 'மேக்கப் முடிஞ்சாத்தான் குப்பை அள்ளுவாங்களாம்' என்று போட்டிருக்கிறார்கள். கீழே வரிசையாகச் சிரிப்பு. 'கறுத்த கட்டைக்கு இது ஒரு கேடா' என்று எழுதியவர் என் நட்புப் பட்டியலிலேயே இருக்கிறார்.

அவர் தடவியது மேக்கப் இல்லை, சன்ஸ்கிரீன். ட்யூபில் எழுதியிருப்பது வீடியோவிலேயே தெரிகிறது. வெயிலில் வேலை செய்கிறவர் வெயிலுக்கான பொருளைப் பூசுகிறார். என்ன தப்பு? எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் கைப்பையில் அதே மாதிரி ட்யூப் இருக்கிறது. காலையில் ஏசிக்குள் போனால் சாயங்காலம்தான் வெளியே வருகிறோம். எங்களைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. பங்குனி பிறந்ததிலிருந்து தார் ரோட்டில் நிற்கிற ஒருவர் பூசினால் மட்டும் ஊரே சிரிக்கிறது.

இந்தப் பொருளின் கதையே இப்படித்தான் ஆரம்பித்தது. லோரியால் கம்பெனியைத் தொடங்கிய யூஜின் ஷூலெர், 1930களில் பிரான்சில் கடற்கரைக்கு விடுமுறை போகிறவர்களுக்காக ஆம்ப்ர் சோலேர் என்ற வெயில் எண்ணெயைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் காப்பர்டோன் என்ற சன்ஸ்கிரீன் பிராண்டுக்கு வித்திட்டவர் ஃபுளோரிடாவைச் சேர்ந்த பெஞ்சமின் கிரீன் என்ற மருந்தாளர், 1944இல். சன்ஸ்கிரீன் வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று காட்டுகிற எஸ்.பி.எஃப். என்கிற கணக்கைப் பிரபலப்படுத்திய ஃபிரான்ஸ் கிரைட்டர், ஆல்ப்ஸ் மலையேறி வெயிலில் வெந்த அனுபவத்தில் கிரீம் செய்ய இறங்கியவர். கடற்கரை, பனிமலை, ஓய்வு, வெள்ளைத் தோல். இன்றைக்கு உலகம் முழுக்க ஆண்டுக்கு ஆயிரம் கோடி டாலருக்கு மேல் புரளும் வியாபாரம் அது. அதில் நாற்று நடுகிறவருக்கும் தெருக் கூட்டுகிறவருக்கும் சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கும் எந்தக் காலத்திலும் இடம் இருந்ததில்லை. உலகத்திலேயே அதிகமாக வெயிலில் நிற்பவர்கள் இவர்கள்தானே?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். எங்கள் அம்மாவால்தான்.

வாடிப்பட்டிப் பக்கம் பெரியாறு பாசன வயல்களில் நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று அம்மா போகாத வேலை கிடையாது. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது அம்மாவின் இரண்டு கன்னத்திலும் கறுப்புத் திட்டாக மங்கு விழுந்தது. முதலில் லேசாக, பிறகு மூக்குத் தண்டு வரை பரவிவிட்டது. ஜாதிக்காயை இழைத்துப் போடு என்றார்கள், போட்டார். கடைசியில் மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கினார். பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆனது. அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, அடுப்பு முன்னால் உட்கார முடியாமல் எரிந்தது. ஸ்டீராய்டு கலந்த களிம்பு. 2018இல்தான் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு பட்டியலில் சேர்த்தது. அதற்குள் எத்தனை அம்மாக்களின் முகம் போயிருக்குமோ.

அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவர் அம்மாவைத் திட்டவில்லை. அந்தக் களிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, "வெயிலை மறைக்காம எந்த மருந்தைப் போட்டாலும் மங்கு திரும்ப வரும்மா, முதல்ல சன்ஸ்கிரீன்" என்றார். வெளியே கடையில் வாங்கினோம். விலையைக் கேட்டு அம்மா என் முகத்தைப் பார்த்தது இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் பூசினார். தீர்ந்த பிறகு ட்யூபைக் கத்தரிக்கோலால் வெட்டி, உள்ளே ஒட்டியிருந்ததை விரலால் வழித்துப் பூசினார்.

அது துத்தநாக ஆக்சைடு கிரீம். வெள்ளைத் தோலில் தெரியாது, எங்கள் தோலில் சாம்பல் அப்பின மாதிரி நிற்கும். வரப்பில் கூட வந்த பெண்கள், "என்ன மதினி, வள்ளி திருமணத்துக்கு வேஷம் கட்டிட்டீகளா?" என்று கேட்டார்கள். ஒரு நாள் இல்லை, தினமும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த ட்யூபோடு நிறுத்திவிட்டார். என் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் அம்மா இருக்கிற படத்திலெல்லாம் முந்தானை பாதிக் கன்னத்தை மூடியிருக்கும்.

விலைகூட அம்மாவைத் தடுக்கவில்லை, சிரிப்புதான் தடுத்தது. இது ஒரு ஜாலி வீடியோதானே, ஏன் இவ்வளவு சீரியஸ் என்று கேட்பவர்களுக்கு என் பதில் அதுதான்.

சரி, நேற்றிலிருந்து வருகிற கேள்விகளுக்கு வருகிறேன்.

'நம்ம கலருக்கு இயற்கையே பாதுகாப்பு' என்கிறார்கள். அதில் பாதி உண்மை. அமெரிக்காவில் 1979இல் வந்த ஒரு ஆய்வில் கறுப்பினத்தவரின் மேல்தோல் எஸ்.பி.எஃப். 13 அளவுக்கும், வெள்ளைத் தோல் 3 அளவுக்கும் தடுப்பதாகக் கணக்கிட்டார்கள். அதனால்தான் நமக்குத் தோல் புற்றுநோய் குறைவு. மங்கு குறைவா? நம் மாதிரி நிறத்தில்தான் அது அதிகம் வருகிறது, வந்தால் போக மாட்டேன் என்கிறது. புற ஊதாக் கதிர் மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே அதைக் கறுக்க வைக்கும். அதைத் தடுக்க இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் வேண்டும். அதில் அந்தச் சாம்பல் பூச்சும் தெரியாது. விலைதான் இன்னும் கூடுதல்.

'அந்தக் காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?' இல்லை. முண்டாசு இருந்தது, உச்சி வேளையில் ஒதுங்க மரம் இருந்தது. இன்றைக்குக் கோரிப்பாளையத்தில் மே மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுங்கள்.

'எல்லாம் கெமிக்கல், ஹவாய்லயே தடை பண்ணிட்டான்.' ஹவாய் 2021 முதல் விற்கத் தடை போட்டது ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற இரண்டு பொருள் கலந்ததை. அதுவும் பவளப்பாறைகளுக்காக. துத்தநாக ஆக்சைடு அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேர்க்குருவுக்குப் போடும் காலமைன் லோஷனிலும் அதே துத்தநாக ஆக்சைடுதான்.

'கம்பெனிக்காரன் ஏமாத்துறான்.' இதை மட்டும் நான் முழுசாக ஒத்துக்கொள்வேன். ஆஸ்திரேலியாவில் சாய்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 2025இல் 20 சன்ஸ்கிரீன்களைச் சோதித்ததில் 16, ட்யூபில் போட்ட எஸ்.பி.எஃப். அளவை எட்டவில்லை. அதே வருஷம் இங்கே சன்ஸ்கிரீன் விற்கிற ஹிந்துஸ்தான் யூனிலீவரும் ஹோனாசா கம்பெனியும் எஸ்.பி.எஃப். விளம்பரத்துக்காக நீதிமன்றம் வரை போனார்கள். எஸ்.பி.எஃப். 30 என்றால் சுமார் 97 சதவீதம், 50 என்றால் 98 சதவீதம் தடுக்கும். அந்த ஒரு சதவீதத்துக்குப் பெரிய எழுத்தில் விளம்பரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்துப் பூசினால்தான் அந்தக் கணக்கே என்பது பொடி எழுத்தில். அப்படிப் பூசினால் 50 கிராம் ட்யூப் ஒரு மாதம்கூட வராது. கோபம் வர வேண்டியது இதில். நீங்கள் கம்பெனியை விட்டுவிட்டு, அந்த அக்காவைக் கேலி செய்கிறீர்கள்.

இன்னொன்று சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி.யைக் குறைத்தபோது முகப் பவுடருக்கு 5 சதவீதம் ஆக்கினார்கள். சன்ஸ்கிரீனுக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. முகத்தை வெள்ளையாகக் காட்டுகிற பவுடர் அத்தியாவசியம், முகத்தைக் காப்பாற்றுகிற கிரீம் ஆடம்பரம். ஆஸ்திரேலியாவில் எஸ்.பி.எஃப். 15உம் அதற்கு மேலும் உள்ள சன்ஸ்கிரீனுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. வெளியில் வேலை செய்கிறவர்கள் அதற்குச் செலவழிப்பதை வருமான வரியில் கழித்துக்கொள்ளவும் விடுகிறார்கள். அது பணக்கார நாடு என்று சொல்வீர்கள். தான்சானியாவில் வெண்தோல் குறைபாட்டோடு பிறந்தவர்களுக்காக கிலிசன் என்று உள்ளூரிலேயே சன்ஸ்கிரீன் தயாரித்துக் கொடுக்கிறார்கள். தான்சானியா நம்மைவிடப் பணக்கார நாடா?

நம் ஊரில் 1975இலிருந்து ஃபேர் அண்ட் லவ்லி விற்றோம். 2020இல்தான் பெயரிலிருந்து 'ஃபேர்' போனது. மனசிலிருந்து போகவில்லை. அதனால்தான் ஒரு கறுத்த பெண் முகத்தில் எதையாவது தடவினால், சிவப்பாக ஆசைப்படுகிறாள் என்றே கண்ணுக்குத் தெரிகிறது. எரிச்சல் தாங்காமல் பூசியிருப்பார், மருத்துவர் சொல்லிப் பூசியிருப்பார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பெண் பார்க்க வரும்போது மட்டும் 'பொண்ணு கொஞ்சம் மாநிறமோ' என்று இழுக்கத் தெரிகிறது. வெயிலில் போகாதே, கறுத்துவிடுவாய் என்று பெற்ற பிள்ளையைத் திட்டத் தெரிகிறது. தன் பிள்ளை கறுக்கக் கூடாது, அடுத்தவர் வீட்டுப் பிள்ளை கருகினால் பரவாயில்லை, அப்படித்தானே? அப்படிச் சொல்லவில்லை என்று சொல்லாதீர்கள். நீங்கள் போட்ட சிரிப்புக்கு அதுதான் அர்த்தம்.

நான் எந்தக் கம்பெனிக்கும் விளம்பரம் செய்யவில்லை. தொப்பி, முழுக்கைச் சட்டை, குடிதண்ணீர், பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நிழலில் ஓய்வு, இதெல்லாம்தான் முதலில் வேண்டும். அதோடு கையுறை, பூட்ஸ் கொடுக்கிற பட்டியலில் நிறமுள்ள சன்ஸ்கிரீனையும் சேர்க்க வேண்டும். தூய்மைப் பணியாளர்களுக்கு, நூறு நாள் வேலைக்காரர்களுக்கு, வெயிலில் நிற்கும் போக்குவரத்துக் காவலர்களுக்கு. துத்தநாக ஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் அரிய பொருள் இல்லை. மொத்தமாகக் கொள்முதல் செய்தால் கடை விலைக்கு வாங்க வேண்டியதும் இல்லை.

மனு எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பக்கம்தான். கையெழுத்துப் போடுகிறவர்கள், தெரிந்த தோல் மருத்துவர்கள், இதைப் படிக்கிற கவுன்சிலர்கள் யாராக இருந்தாலும் உள்பெட்டிக்கு வாருங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிறேன். அந்த 'கறுத்த கட்டை' ஆளை நட்பிலிருந்து நீக்கிவிட்டேன், அவருக்காக யாரும் தூது வர வேண்டாம்.